எந்த அரிசி நல்லது? நெல்லின் மரபணுக்கள் சொல்லும் பதில்

நம் சங்கத்தின் ஒன்றுகூடல்களில் மதிய உணவு வரிசை நகரும்போது தவறாமல் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "எனக்குச் சோறு வேண்டாம், டாக்டர் குறைக்கச் சொல்லிவிட்டார்" என்பார் ஒருவர். "சிவப்பரிசி என்றால் எவ்வளவும் சாப்பிடலாமாம்" என்பார் பின்னால் நிற்பவர். "பாஸ்மதிதான் நல்லது என்று என் மருமகள் இணையத்தில் படித்தாளாம்" என்று மூன்றாவது குரல் வரும். மூவருமே நீரிழிவு நோயாளிகளாக இருப்பார்கள். இப்பகுதியை எழுதும் எங்களிடமும் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இதுதான்: சர்க்கரை உள்ளவர்களுக்கு எந்த அரிசி நல்லது?

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் நெல்லின் மரபணுக்களைப் படித்த விஞ்ஞானிகள் இக்கேள்விக்கு மிகச் சுவையான ஒரு விடையைக் கண்டிருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டால் கடையில் அரிசி மூட்டையைத் தூக்கும்போது எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது விளங்கும். ஆகவே இம்முறை சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

நமக்கு இது ஏன் முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த வயதிலும் குறைந்த எடையிலும் இரண்டாம் வகை நீரிழிவு வருகிறது. இதனால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ஆம் ஆண்டிலேயே, ஆசியர்கள் உடல் நிறைக் குறியீடு 25ஐ எட்டும்வரை காத்திருக்காமல் 23லிருந்தே கவனமாக இருக்க வேண்டும் என்று கூறியது. சென்னையில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், மக்கள் ஒரு நாளில் பெறும் கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியங்களிலிருந்தும், அதிலும் பெரும்பங்கு வெள்ளை அரிசியிலிருந்தும் வருவது தெரிந்தது. நாடு மாறி வந்த பிறகும் நம்மில் பலருடைய தட்டு பெரிதாக மாறிவிடவில்லை. மாறியது நடைதான். அங்கே பஸ்ஸுக்கும் சந்தைக்கும் நடந்தோம், இங்கே கார்.

அரிசிக்குள் இருப்பது என்ன?

வெள்ளை அரிசியில் பெரும்பகுதி மாவுச்சத்து. அந்த மாவுச்சத்து இரண்டு விதம். ஒன்று அமைலோஸ், மற்றது அமைலோபெக்டின். இரண்டுமே குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த சங்கிலிகள்தான். ஆனால் கோத்த விதம் வேறு. அமைலோஸ் பெரும்பாலும் நீளமாக, கிளையில்லாமல் ஓடும். அமைலோபெக்டின் மரக்கொம்பு போல ஏராளமாகக் கிளை விட்டிருக்கும்.

ஈர்க்குக் கட்டு ஒன்றை நினைத்துப் பாருங்கள். இறுகக் கட்டிய ஈர்க்குகளுக்கு நடுவே விரல் நுழையாது. அமைலோஸ் அப்படித்தான். சமைத்த சோறு ஆறும்போது அதன் சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்ளும். நம் குடலில் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் அதற்குள் மெதுவாகத்தான் புக முடியும். கிளைத்த கொம்பிலோ எல்லா நுனியிலிருந்தும் ஒரே நேரத்தில் இலை பறிக்கலாம். அமைலோபெக்டின் அதுபோல விரைவில் உடைந்து, குளுக்கோஸாக இரத்தத்தில் ஏறிவிடும்.

அமைலோஸ் 25 சதவீதத்துக்கு மேல் உள்ள சோறு உதிரி உதிரியாக இருக்கும், ஆறினால் விறைக்கும். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் சோறு மென்மையாகி ஒட்டும். தாய்லாந்து மல்லிகை அரிசியும் ஜப்பானியர்களின் சூஷி அரிசியும் இந்த வகை. சீனர்களும் தாய்லாந்துக்காரர்களும் இனிப்புப் பண்டங்களுக்குப் பயன்படுத்தும் ஒட்டரிசியில் அமைலோஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று அளக்கும் முறையை 1981இல் கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்டார்கள். கிளைசெமிக் இன்டெக்ஸ், சுருக்கமாக ஜி.ஐ. என்பது அதுதான். 50 கிராம் மாவுச்சத்து தரும் அளவு உணவைச் சிலருக்குக் கொடுத்து, இரண்டு மணி நேரம் இரத்தத்தைச் சோதித்து, வெறும் குளுக்கோஸோடு ஒப்பிடுவார்கள். குளுக்கோஸுக்கு 100. ஒரு பொருள் 55 அல்லது அதற்குக் கீழே இருந்தால் குறைவு, 70 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதிகம்.

அரிசியின் ஜி.ஐ. எவ்வளவு என்று கேட்டால் இன்றும் பலர் ஒரே எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் ஆஸ்திரேலிய அறிவியலாளர்களும் சேர்ந்து 235 வகை அரிசிகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு அந்தப் பழக்கத்தைக் கேள்விக்கு உள்ளாக்கியது. ஜி.ஐ. 48இலிருந்து 92 வரை பரந்து கிடந்தது. சராசரி 64. இந்தியாவில் பரவலாக விளையும் சுவர்ணா என்னும் நெல் குறைந்த பக்கத்தில் நின்றது. ஒரே தாவரம், ஒரே வெள்ளை நிறம், உடலுக்குள் போனதும் இவ்வளவு வேற்றுமை! இந்த வேற்றுமைக்கு முக்கியக் காரணமாக அந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியது ஒரே ஒரு மரபணுவை. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

பாட்டியின் சமையல் குறிப்பேடு

ஒரு பாட்டி தன் சமையல் குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். பெண்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். பேத்திகள் அவர்களுடையதைப் பார்த்து எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் எங்காவது ஓர் எழுத்துப் பிழை. ஒரு பேத்தியின் நோட்டில் புளி "எலுமிச்சை அளவு" என்பது "நெல்லிக்காய் அளவு" ஆகிவிட்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஒரு கிளை வீட்டில் எல்லாருடைய குழம்பும் புளிப்புக் குறைவாக இருக்கிறது. ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் எல்லா நோட்டுகளையும் ஒன்றாக விரித்து வைத்து, புளிப்புக் குறைந்த வீடுகளில் மட்டும் எந்தச் சொல் மாறியிருக்கிறது என்று தேடினால் போதும்.

மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்துவது என்பது நோட்டை முதலிலிருந்து கடைசிவரை எழுத்தெழுத்தாகப் படிப்பது. நெல்லின் நோட்டு 12 குரோமோசோம்களில், சுமார் 38.9 கோடி எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கிறது. மனிதனுடையதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். ஜப்பான் தலைமையில் பல நாடுகள் சேர்ந்து அதைப் படித்து முடித்து 2005இல் வெளியிட்டன. எடுத்துக்கொண்ட நெல் நிப்பொன்பாரே என்ற ஜப்பானிய ரகம். 11ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியை டெல்லியிலிருந்த இந்திய ஆய்வாளர்கள் படித்தார்கள்.

ஆனால் ஒரு நோட்டு மட்டும் கையில் இருந்தால் ஒப்பிட முடியாதே. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் விதைக் களஞ்சியத்தில் 1,30,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் இருக்கின்றன. அந்நிலையமும் இரு சீன நிறுவனங்களும் சேர்ந்து 89 நாடுகளின் சுமார் 3,000 நெல்களைப் படித்து 2014இல் அந்த விவரங்களை எல்லாருக்கும் திறந்துவிட்டன. 2018இல் வந்த விரிவான ஆய்வில், இந்த நெல்களுக்கிடையே எழுத்து வேறுபடும் இடங்கள் 2.9 கோடி என்று தெரிந்தது. பிறகு வேலை நோட்டுகளை விரித்து வைத்த கதைதான். ஒவ்வொரு நெல்லையும் விளைவித்து, அரிசியாக்கி, அமைலோஸை அளந்து, மணியின் நீளத்தை அளந்து, சமைத்துப் பார்த்து, எந்த எழுத்து மாற்றம் எந்தக் குணத்தோடு சேர்ந்தே வருகிறது என்று கணினியில் தேடுவது. எழுத்தைப் படிப்பதைவிட அரிசியை அளப்பதே பெரிய உழைப்பு என்று தோன்றுகிறது.

ஓர் எழுத்து

6ஆம் குரோமோசோமில் உள்ள அந்த மரபணுவுக்கு ஆங்கிலத்தில் வேக்ஸி என்று பெயர், அதாவது மெழுகுத்தன்மை உள்ளது. இந்த மரபணு வேலை செய்யாத மக்காச்சோளத்தின் மணியை வெட்டினால் உட்புறம் மெழுகு போல இருந்ததால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. அமைலோஸ் சங்கிலியைக் கோக்கும் நொதியை உண்டாக்குவது இதன் வேலை.

நெல்லின் நீள மணி வகைகள் பலவற்றில் இந்த மரபணுவின் ஓர் இடத்தில் ஜி என்ற எழுத்து இருக்கிறது. சூஷி அரிசியிலும் மல்லிகை அரிசியிலும் அதே இடத்தில் டி இருக்கிறது. 38.9 கோடி எழுத்துகளில் ஒன்று மாறியதற்கு என்ன பெரிய விளைவு என்று கேட்கலாம். மரபணுவிலிருந்து செய்தி நகலெடுக்கப்படும்போது, வேண்டாத பகுதியை வெட்டி எறிய வேண்டிய எல்லையில் அந்த எழுத்து நிற்கிறது. எல்லை மாறிப்போனதால் செய்தி சரியாக வெட்டப்படுவதில்லை. நொதி குறைகிறது, அமைலோஸ் குறைகிறது, சோறு மென்மையாகி ஒட்டுகிறது. 1990களிலேயே கண்டறியப்பட்ட இந்த மாற்றத்தை, பிறகு நூற்றுக்கணக்கான நெல்களின் வரிசைகளை ஒப்பிட்டு உறுதி செய்தார்கள். நடுத்தர அமைலோஸ் உள்ள பல நெல்களில் இதே மரபணுவின் வேறோர் இடத்தில் இன்னோர் எழுத்து மாறியிருக்கிறது. ஒட்டரிசியில் 23 எழுத்துகள் இருமுறை எழுதப்பட்டு, மரபணுவே பயனற்றுப் போயிருக்கிறது.

இனி வாசனைக்கு வருவோம். பாஸ்மதிக்கும் மல்லிகை அரிசிக்கும் அந்த மணத்தைத் தரும் மரபணு 8ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 2005இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். உண்மையில் அது உடைந்துபோன மரபணு. அதில் எட்டு எழுத்துகள் காணாமல் போயிருப்பதால், மற்ற நெல்களில் தேங்காத ஒரு வாசனைப் பொருள் இவற்றில் தேங்குகிறது. ஊரில் கறிக்குப் போடும் ரம்பை இலையின் மணமும், மலேசியச் சமையலின் பாண்டான் இலையின் மணமும் (இரண்டும் ஒரே இலைதான்) இதே பொருளால் வருவதே. கவனிக்க வேண்டியது இங்கேதான். பாஸ்மதியும் மல்லிகை அரிசியும் வாசனையில் உறவினர்கள். ஆனால் மாவுச்சத்தில் அல்ல. பாஸ்மதியில் அமைலோஸ் நடுத்தரமாக இருக்கிறது, மல்லிகை அரிசியில் குறைவு. ஆகவே "வாசனை அரிசிதானே, பாஸ்மதி கிடைக்காவிட்டால் மல்லிகை" என்று மாற்றி வாங்கும் நீரிழிவு நோயாளி, மீட்டரில் வேறு எண்ணைப் பார்த்துத் திகைப்பார்.

சிவப்பரிசிக்கும் இதே கதை உண்டு. காட்டு நெல்லின் அரிசி சிவப்பு. 7ஆம் குரோமோசோமில் ஒரு மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டுப் போனதால் வெள்ளை அரிசி பிறந்தது என்று 2006இல் அமெரிக்கக் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். யாழ்ப்பாணத்து மொட்டைக்கறுப்பன் போன்ற நம் பழைய சிவப்பு நெல்களை நாம் நேசிப்பதில் தவறில்லை. ஆனால் நிறத்தைத் தருவது 7ஆம் குரோமோசோம், அமைலோஸைத் தீர்மானிப்பது 6ஆம் குரோமோசோம். ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்ல முடியாது. சிவப்பரிசியின் நன்மை அதன் தவிட்டில் உள்ள நார்ச்சத்திலும் வேறு சில பொருள்களிலும் இருக்கிறது. தவிடு தேய்ந்து, சிவப்புக் கோடு மட்டும் மிஞ்சும்படி தீட்டிய அரிசியை வாங்கிவிட்டு "நான் சிவப்பரிசிதான்" என்று இரண்டு தட்டுச் சாப்பிடுவதில் பொருளில்லை.

மணி நீளமாக இருப்பதற்கும், சோறு வேக எவ்வளவு சூடு வேண்டும் என்பதற்கும், அரிசியின் நடுவில் சுண்ணாம்பு போல வெண்புள்ளி விழுந்து ஆலையில் நொறுங்குவதற்கும் தனித்தனி மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. விவசாயிக்கும் வியாபாரிக்கும் இவை பெரிய விஷயம். நம் சர்க்கரைக்கு அவ்வளவு இல்லை.

மென்மையான சோறும் குறைந்த சர்க்கரையும்

ஒரு சிக்கல் உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அமைலோஸ் கூடினால் சர்க்கரைக்கு நல்லது. ஆனால் சோறு விறைக்கும், மதியம் வடித்ததை இரவு சாப்பிட யாரும் முகம் சுளிப்பார்கள். உடலுக்கு நல்லது என்று சொல்லி ஒரு வாரம் கொடுக்கலாம். எட்டாவது நாள் வீட்டுக்காரர் பழைய மூட்டையைத் தேடுவார்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு தேடிய ஆய்வில் நமக்கு நன்கு தெரிந்த அரிசி ஒன்று இடம்பெற்றது மகிழ்ச்சி தருகிறது. ஆந்திராவின் பாபட்லாவில் உருவாகி 1986இல் வெளியான சம்பா மசூரி, தமிழ்நாட்டில் ஆந்திரா பொன்னி என்று விற்கப்படும் அதே அரிசி. அதன் பெயரிலுள்ள மசூரி, மலேசியாவில் உருவான நெல். நம் பொன்னியும் அந்த வழி வந்ததே.

பிலிப்பைன்ஸ் நிலையத்தின் ஆய்வாளர்கள் சம்பா மசூரியை, அமைலோஸ் மிகுந்த இன்னொரு நெல்லோடு சேர்த்துப் பல தலைமுறை வளர்த்தார்கள். சந்ததிகளின் மரபணுத் தொகுதிகளைப் படித்து, ஒவ்வொன்றின் அரிசியையும் சோதித்தார்கள். மாவுச்சத்தில் கிளைகளை உண்டாக்கும் ஒரு நொதிக்குரிய மரபணு, 2ஆம் குரோமோசோமில் இருப்பது, செயல் குறைந்த சந்ததிகளில் அமைலோஸ் கூடியிருந்தது. கிளை குறைந்தால் ஈர்க்குக் கட்டு இறுகும் அல்லவா. 2024இல் வெளியான இந்த ஆய்வில் ஜி.ஐ. 45க்கும் கீழே, புரதம் சுமார் 16 சதவீதம் உள்ள நெல் கிடைத்ததாகச் சொல்கிறார்கள். சாதாரண வெள்ளை அரிசியில் புரதம் 7, 8 சதவீதம்தான். இதில் வேறு உயிரின் மரபணு எதையும் புகுத்தவில்லை. நெல்லையும் நெல்லையும் சேர்த்து, பிள்ளைகளில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்ததுதான். மரபணு வரிசை தெரிந்திருப்பதால், கதிர் முற்றிச் சமைத்துப் பார்க்கும்வரை காத்திராமல் நாற்றின் இலையைச் சோதித்தே தேர்ந்தெடுக்க முடிகிறது.

ஹைதராபாத்தில் இதற்கு முன்பே வேறொன்று நடந்தது. பாக்டீரியா இலைக்கருகல் நோயைத் தாங்கும் மூன்று மரபணுக்களைச் சம்பா மசூரியில் சேர்த்து 2008இல் ஒரு நெல்லை வெளியிட்டார்கள். பிறகு சோதித்தபோது அதன் ஜி.ஐ. சுமார் 51 என்று தெரிந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது கூடுதலாக இன்னொன்று. ஆனால் அந்த எண் "மேம்பட்ட சம்பா மசூரி" என்ற அந்த நெல்லுக்கு மட்டுமே உரியது. சம்பா, மசூரி, பொன்னி, சோனா மசூரி என்று பெயர் அச்சடித்த எல்லா மூட்டைக்கும் அதைப் பொருத்திவிடக்கூடாது. மூட்டையின் பெயரும் உள்ளே இருக்கும் மரபணுவும் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. "சர்க்கரை நோயாளிகளுக்கான அரிசி" என்று எழுதிய பையை எடுத்தால், சோதித்த ஜி.ஐ. எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாவிட்டால் அந்த விலையைக் கொடுக்க நாங்கள் தயங்குவோம். சர்க்கரை ஏற்றாத அரிசி என்று ஒன்று இல்லை.

நம் அடுப்பங்கரையில்

மரபணு பாதிதான். மீதி நம் கையில். ஒரு அமெரிக்கக் கப் சமைத்த சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஜி.ஐ. 80 உள்ள அரிசியில் ஒரு கப் சாப்பிட்டால் உடலுக்கு ஏறும் சுமையை 36 என்று கணக்கிடுவார்கள். ஜி.ஐ. 50 உள்ள நல்ல அரிசியை, நல்லதுதானே என்று இரண்டு கப் போட்டுக்கொண்டால் சுமை 45. நல்ல அரிசி தோற்றுவிட்டது! அளவு என்ற ஒன்றை எந்த மரபணுவும் மன்னிக்காது. காய்கறி, பருப்பு, மீன் அல்லது முட்டையோடு சேர்த்துச் சாப்பிடும்போது சர்க்கரை மெதுவாக ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புழுங்கல் அரிசி பொதுவாகப் பச்சரிசியைவிட மெதுவாகச் செரிக்கும். கஞ்சியை வடித்தால் சர்க்கரை போய்விடும் என்பது அம்மம்மா காலத்து நம்பிக்கை. சிறிது மாவுச்சத்து போகும், பெரும்பகுதி பானையில்தான் இருக்கும். சோற்றைக் குளிரவைத்து மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டால் அமைலோஸ் இறுகி, சர்க்கரை சற்றுக் குறைவாக ஏறுவதாகச் சில சிறு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் சோற்றை இரவெல்லாம் அடுப்பு மேல் விட்டுவைத்தால் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகி வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அதன் நச்சு சூடாக்கினாலும் அழியாது. சமைத்து ஒரு மணி நேரத்துக்குள் பரப்பி ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாளே, ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரே முறை சாப்பிட்டு முடியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இன்சுலின் போடுபவர்களும், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்குப் பிள்ளைகள் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு இது. வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் உடனே இனிப்பான பானம் கொடுங்கள். மயங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் அவசர மருத்துவ உதவியை அழையுங்கள். சோற்றின் அளவையோ வகையையோ மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்ப கால நீரிழிவு உள்ளவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

உங்கள் வீட்டு அரிசியின் மரபணு எதுவென்று தெரியாவிட்டாலும் அதைச் சோதிக்க ஒரு வழி உங்கள் மேசையிலேயே இருக்கிறது. மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒரே கப்பில் அளந்த ஒரே அளவுச் சோறு, ஒரே கறி, ஒரே நேரம் என்று வைத்து, இரண்டு நாள் ஓர் அரிசி, இரண்டு நாள் மற்றோர் அரிசி சாப்பிடுங்கள். சாப்பிடுவதற்கு முன் ஒருமுறையும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறையும் குத்திப் பார்த்து, அரிசிப் பையின் பெயரோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாளை அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.